பெட்டிக்குள் என் குரல்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் கருவிகள் செய்யும் மாடி அறைக்கு அன்று பந்திங்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை வந்திருந்தார். கேரி தீவிலிருந்து பார்வையில்லாத ஏழு வயது மகளை ஒரு அம்மா அழைத்து வந்திருந்தார். நான் வடிவமைத்த பிரெய்ல் பெட்டியில் பிள்ளை எழுதிக் காட்டினால் அந்தப் பள்ளியிலேயே முதலாம் ஆண்டில் இடம். இல்லாவிட்டால் தூரத்து விடுதிப் பள்ளிதான். அந்த அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பெட்டியில் பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு பொத்தான்கள், அழுத்த இரண்டு கையும் வேண்டும். எழுத்து பிசகினால் உடனே சொல்லும், எழுதி முடித்ததை வாசித்தும் காட்டும். இரண்டுக்கும் என் குரலையே பதிந்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

"கப்பல்னு எழுதும்மா" என்றார் தலைமையாசிரியை. நான் அந்தச் சொல்லைப் பெட்டியில் ஏற்றினேன். பிள்ளை அழுத்தினாள்.

"தப்பு! மறுபடியும் செய்!" என் குரல் அறை முழுக்க அதிர்ந்தது.

பிள்ளை இடது கையை எடுத்து ஒலிபெருக்கியை மூடிக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒற்றைக் கையால் எப்படி எழுதுவது?

"கைய எடும்மா" என்றேன். எடுக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை மாத உழைப்பு! நேரம் பார்த்துத்தானா இந்தப் பிடிவாதம்?

தலைமையாசிரியை கைப்பையை மடிக்கு இழுத்தார். "பழகலபோல. ஹாஸ்டல்ல நல்லாப் பாத்துப்பாங்க லா."

"பாப்பா, கைய எடுடி" என்று அம்மா கெஞ்சினார்.

"எடுத்தா அது கத்தும்மா. எல்லாருக்கும் கேக்கும்."

அடச்சே! மற்ற பிள்ளைகள் தப்பாக எழுதினால் சத்தமில்லாமல் ரப்பரால் அழித்துவிடுவார்கள். இவள் தப்பை மட்டும் நான் ஊருக்கே தண்டோரா போட்டிருக்கிறேன்.

"டீச்சர், ஒரே நிமிஷம்!" ரயிலில் பாட்டுக் கேட்கும் என் இயர்போனை எடுத்துப் பெட்டியில் செருகினேன். ஒலிபெருக்கி அடங்கியது. ஒரு முனையை அவள் காதில் வைத்து, "இனி உனக்கு மட்டும்தான் கேக்கும்" என்றேன்.

"நெஜமாவா?"

"சத்தியமா."

கை மெல்ல இறங்கியது. அழுத்தினாள், உதட்டைக் கடித்தாள், மறுபடி அழுத்தினாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.

"முடிஞ்சிருச்சு" என்றாள். நான் இயர்போனைப் பிடுங்கிவிட்டு வாசிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

"கப்பல்" என்றது என் குரல்.

தலைமையாசிரியை கைப்பையைக் கீழே வைத்தார். "எத்தன தடவ தப்புப் போச்சும்மா?"

"சொல்ல மாட்டேன், டீச்சர்."

அவர் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "யூனிஃபார்ம் வாங்கிடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "பெட்டியோட அந்த இயர்போனையும் மறக்காமக் குடுத்து அனுப்புங்க."