வைத்துக்கொண்ட நான்கு கோழிகள்

பதினொரு கோழிகளில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். எந்த நான்கு என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு அது. இப்போது யோசித்தாலும், அன்றைக்கு வேறு மாதிரி செய்திருப்பேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.

தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லயம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கடைசிக் காம்பரா எங்களுடையது. அதை ஒட்டியது என் கணவரின் தம்பி வீடு. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பின்புறம் ஆளுக்கொரு துண்டு நிலம். அவர்கள் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தார்கள். நான் கோழி வளர்த்தேன்.

தம்பி மனைவி என்னைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது, நாற்பது நாளும் காலையில் ஒரு முட்டையை நல்லெண்ணெயில் மிளகுத் தூள் போட்டுப் பொரித்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மகளுக்கு அன்றைக்கு முட்டை இல்லாவிட்டாலும் அவளுக்கு உண்டு. அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவள் என்மேல் புகார் எழுதிக் கொடுத்த பிறகுதான் சொல்லிக்காட்ட ஆரம்பித்தேன், அதுவும் என் மனதுக்குள்.

ஒருநாள் காலை, ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில், லயத்துச் சுகாதாரம் பார்க்கிற சேமநல ஐயா என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு கடதாசி. தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அத்தனை பெண்களும் கூடையோடு நிற்கும்போதே வாசித்தார். பக்கத்து வீட்டுக் கோழிகளால் அசுத்தம், நாற்றம், பிள்ளைக்கு ஓயாத இருமல். கீழே அவள் கையெழுத்து.

என் கோழிகள் இரண்டொரு தடவை அவளுடைய லீக்ஸ் நாற்றைக் கிளறியது உண்மை. அதை எழுதியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். அவள் எழுதியது அசுத்தம் என்று. விடிவதற்கு முன்னே எழுந்து கூட்டைக் கூட்டி, சாம்பல் தூவிவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள் நான்.

மாசக் கடைசிக்குள் நாலு கோழி, அதுவும் கூட்டுக்குள்ளே என்று சொன்னார். சரிங்க ஐயா என்றேன். அன்றைக்குக் கொழுந்தோடு முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ளி, கங்காணியிடமும் பேச்சு வாங்கினேன்.

சாயந்தரம் தண்ணீர் எடுக்கிற பீலிக்கரையில் அவளைப் பிடித்தேன். வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

"நாத்தம்னு எழுதியிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களாக்கா?" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கேட்டிருக்க மாட்டேன்தான். அதனாலேயே அந்தப் பதில் எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழிகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். எது முட்டையிடும், எது தின்றுவிட்டுத் திரியும் என்று எனக்குத் தெரியும். நன்றாக இடுகிற கோழி பார்க்க அழகாக இருக்காது. இறகு கலைந்து, காலில் மஞ்சள் நிறம் வெளுத்துப் போயிருக்கும். கொண்டை மட்டும் சிவந்து மெத்தென்று இருக்கும். பின்பக்கம் இரண்டு எலும்புக்கு நடுவில் மூன்று விரல் தாராளமாகப் போகும். எங்கள் செவலை அப்படி. கருப்பியும் சாம்பல் கோழியும் அதற்கு அடுத்தபடி. மகள் ஹட்டனில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் தினமும் இருந்த முட்டை இந்த மூன்றும் போட்டதுதான்.

நான் அந்த மூன்றையும் விற்கிற பக்கம் கட்டிப்போட்டேன்.

வைத்துக்கொள்ள எடுத்தவை வேறு. முதலாவது, மொட்டைக்கழுத்துக் கோழி. மண்ணைக் கண்டால் விடாது, முழங்கை ஆழத்துக்குப் பறிக்கும். இரண்டாவது ஒரு வெள்ளை, முட்டையே இடாமல் ஒரு மணி நேரம் கொக்கரிக்கும். மூன்றாவது எந்த வேலியையும் தாண்டும். நான்காவது பக்கத்தில் போகிறவர்களின் காலைக் கொத்தும். நான்கும் பளபளவென்று இறகோடு, மஞ்சள் காலோடு, அழகாக இருந்தன.

என் கணவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அன்றைக்கு வீட்டில் இருந்து கூட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். கட்டிப்போட்டவற்றைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"முட்ட போடுறத வித்துட்டு இதுகள வச்சிக்கிறியா?"

"ஆமா."

"எதுக்கு?"

நான் செவலையின் காலில் கயிற்றை இன்னும் இறுக்கினேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டார். தம்பியோடு பேச்சு நின்றுவிடக் கூடாது என்று அவருக்குப் பயம்.

கோழி வாங்க வருகிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மத்தியானம் ஆட்டோவில் வந்தார். செவலையைத் தூக்கி, விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கூட்டில் இருந்தவற்றை எட்டிப் பார்த்தார். நான் தெரியாமல் மாற்றிக் கட்டிவிட்டேன் என்று நினைத்து, நல்ல மனதோடு எடுத்துச் சொன்னார். எனக்குத் தெரியும், நீங்கள் ஏற்றுங்கள் என்றேன். ஏழு கோழியையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அதன் பிறகு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்டின் கதவை நான் பூட்டவில்லை. காலையில் மலைக்குப் போகும்போது சும்மா சாத்திவிட்டுப் போவேன். நான்கும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதல் வாரத்திலேயே கரட் பாத்தி ஒன்று போயிற்று. அவள் வலை கட்டினாள். மொட்டைக்கழுத்து வலைக்குக் கீழே பறித்துக்கொண்டு உள்ளே போனது. பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்து வெள்ளை கொக்கரித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளை எழுந்து அழுவதையும் அவள் தட்டித் தூங்கவைப்பதையும் கேட்டுக்கொண்டு ரொட்டி சுட்டேன். அன்றைக்கெல்லாம் ரொட்டிக்கு ஒரு தனி ருசி இருந்தது.

ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. வந்து நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாற்பது சொல்லி, அந்த நாற்பது நாள் முட்டையையும் எடுத்துப் போட்டிருப்பேன். எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவளோ பேசாமல் குனிந்து, கிளறிய இடத்தில் மறுபடி நாற்று வைத்தாள். எனக்கு இன்னும் ஆத்திரம்.

இதற்கிடையில் என் வீட்டில் முட்டை இல்லை. நான்கும் சேர்ந்து வாரத்துக்கு ஒன்று போட்டால் பெரிது. மகள் சில நாள் கேட்டாள். பிறகு பருப்பையும் சம்பலையும் கட்டிக்கொண்டு பேசாமல் போக ஆரம்பித்தாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாதம். காலையில் தேத்தண்ணீர் ஊற்றும்போது பின்பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. மூன்று தடவை சின்னதாக, நான்காவது இழுத்து. செவலையின் சத்தம். பாத்திரத்தைக் கீழே வைத்தேன். போய் அவர்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். தரையிலிருந்து உயர்த்தி, கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்ட புதுக் கூடு. தகரம் அடிக்கிற சத்தம் இரண்டு நாளாகக் கேட்டும், விறகுக் கொட்டில் என்று நினைத்திருந்தேன். உள்ளே செவலை, கருப்பி, சாம்பல். அவள் வைக்கோலுக்குள் கைவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்.

"கோயில் திருப்பத்துல நானா ஆட்டோவ நிப்பாட்டி வித்தாரு, அக்கா. எங்கம்மா வீட்டுல விட்டு வச்சிருந்தேன், கூடு கட்டின பொறகு கொண்டாந்தேன். நீங்க வேணாம்னு வித்ததத்தானே வாங்கினேன்."

குரலில் நக்கல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. 

மறுநாள் நானே ஆபீசுக்குப் போனேன். அவளும் கோழி வளர்க்கிறாள், வந்து பாருங்கள் என்று சேமநல ஐயாவைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் அவளுடைய கூட்டைச் சுற்றிப் பார்த்தார். மூன்று கோழி, கூட்டுக்குள்ளே, கீழே சாம்பல் தூவியிருந்தது. நான் தூவுகிற மாதிரியே. பிறகு என் பக்கம் திரும்பினார். திறந்து கிடந்த கதவு, கிழிந்த வலை, அவள் பாத்தி முழுக்க எச்சம், அதன் நடுவில் என் மொட்டைக்கழுத்து.

"இதத்தாம்மா அவங்க அன்னைக்கு எழுதிக் குடுத்தாங்க," என்றார்.

அன்றைக்கு இது இல்லை, அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பிறகு யார் இப்படி ஆக்கியது என்று கேட்பார். குனிந்து மொட்டைக்கழுத்தைப் பிடித்துக் கூட்டுக்குள் விட்டேன். இதைச் சரிசெய்ய ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

நானா மறுபடி வந்து மூன்றை ஏற்றிக்கொண்டு போனார். மொட்டைக்கழுத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. இப்போது கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அது கூட்டுக்குள்ளே பலகையைக் காலால் பிறாண்டிக்கொண்டு நிற்கிறது. குழம்பு வைத்துவிடலாமே என்று கணவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோழி மேல் பாசம் என்று யாராவது நினைத்தால் அது பிழை.

மகளுக்கு உயர்தரப் பரீட்சை தொடங்கிய அன்று, கடையில் வாங்கி வைத்திருந்த முட்டையில் இரண்டை அவித்துத் தட்டில் வைத்தேன். அவள் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டே, "நான் சித்தி வீட்டுல சாப்பிட்டுட்டேம்மா," என்றாள். வெள்ளனக் கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். மிளகு போட்டுப் பொரித்ததாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஓடு என்றேன். அவள் போன பிறகு அடுப்படியில் நின்றபடியே இரண்டு முட்டையையும் உரித்து நானே தின்றேன். மஞ்சள் கரு வெளிறிப் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.