சூரியன் மறையாத ஊரில் ஒரு பஸ் நிறைய லா சப்பல்

சுற்றுலா வழிகாட்டி என்றால் இடங்களைக் காட்டுகிற ஆள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் கழிவறையைக் காட்டவேண்டும், மலையெல்லாம் அதற்குப் பிறகு. சொந்தக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்கிற பயண முகவர் கடையில் கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடுவோம், கோடையில் லூர்து மாதா கோவிலுக்கு பஸ் விடுவோம். திடீரென்று முதலாளிக்கு வடக்கு ஆசை வந்தது. பின்லாந்துக் காட்டில் தொடங்கி, நோர்வேயின் மூலையில், ரஷ்ய எல்லையில் முடிகிற பயணம். கடைக் கண்ணாடியில் கரடி படம் போட்டு விளம்பரம் ஒட்டினோம். ஜூன் மாதத்துக்கு ஒரு சின்ன பஸ் நிறைய ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கடையில் ஆங்கிலம் ஓரளவு பேசக்கூடியவள் நான்தான் என்பதால், வழிகாட்டியும் நானே ஆனேன்.

வழி மறித்தவர்

எங்கள் பஸ் ஓட்டுநர் யூஹா ஒரு பின்லாந்துக்காரர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவருக்குப் பின் இருக்கையில் சிவநேசன் அண்ணை. லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். கடை திறந்ததிலிருந்து விடுமுறை என்று ஒன்று எடுத்ததில்லை. பஸ் ஓடத் தொடங்கியதிலிருந்து கடைப் பையன்களுக்கு போன் எடுத்தபடியே இருந்தார்.

காட்டுக்கு நடுவில் துருவ மான்கள் கூட்டமாக வந்து ரோட்டில் நின்றன. யூஹா இஞ்சினை நிறுத்திவிட்டு, பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றினார். “ஹோர்ன் அடிக்கச் சொல்லுங்கோ தங்கச்சி” என்றார் சிவநேசன் அண்ணை. நான் மொழிபெயர்த்தேன். ஹோர்ன் அடித்தால் அவை போகாது, நாங்கள் காத்திருக்க வேண்டியதுதான் என்றார் யூஹா. அண்ணைக்குப் பொறுக்கவில்லை. தானே இறங்கிப் போய், கையைத் தட்டி, சூ சூ என்று விரட்டிப் பார்த்தார். முன்னால் நின்ற பெரிய மான் கொம்பைத் திருப்பி அவரை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்துவிட்டு, பழையபடி அசைபோடத் தொடங்கியது.

அண்ணை திரும்பி வந்து, போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: “லா சப்பல்லை கடை வாசலை மறிச்சு வாகனம் விட்டவனும் இப்பிடித்தான் பாப்பான்.”

கரடி வந்த நேரம்

கரடி பார்ப்பதற்கென்று காட்டுக்குள் மரக் குடில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் பேசக்கூடாது, சாப்பாட்டு வாசம் வரக்கூடாது, அசையவும் கூடாது. எங்கள் ஆட்களை எப்படி அடக்குவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அந்த வேலையை மொசியே லூர்துசாமி எடுத்துக்கொண்டார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கரடிக்காகவே தூரநோக்கி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். யாராவது இருமினால் கூட உதட்டில் விரலை வைத்து முறைத்தார்.

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் மரங்களுக்கு இடையிலிருந்து கரடி வெளிப்பட்டது. ஆடி அசைந்து எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து, நின்று, மூக்கைத் தூக்கி மோந்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம், ஒருவரைத் தவிர. மொசியே லூர்துசாமி தூரநோக்கியை மடியில் வைத்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மதாம் செலின் எழுப்புவதற்காகத் தோள்வரைக்கும் கையைக் கொண்டுபோனார். எழுந்த வேகத்தில் அவர் ஏதாவது சத்தமாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ, கையை எடுத்துவிட்டார். கரடி காட்டுக்குள் போய்விட்டது.

விழித்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். “ஏன் எழுப்பல?” என்றார். மதாம் செலின் அமைதியாகச் சொன்னார்: “பேசக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான். அது உங்கள நல்லா பார்த்துட்டுத்தான் போச்சு, அது போதும்.”

விரதம்

பாரிசுக்குப் பக்கத்து எபினேயிலிருந்து வந்த இராசமலர் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். பொழுதுபட்டு விளக்கு ஏற்றிய பிறகுதான் சாப்பாடு. இனாரி என்கிற ஏரிக்கரை ஊரில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து வெறும் தேத்தண்ணியோடு இருந்தவர், சாப்பாட்டு மண்டப ஜன்னலடியில் நின்றபடி என்னைக் கேட்டார்: “பிள்ளை, இஞ்சை எப்ப பொழுதுபடும்?”

“இன்னும் ஒரு மாசத்துக்கு மேலை செல்லும் அக்கா” என்றேன்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். திரைச்சீலையை இழுத்து மூடினால் இருட்டுத்தானே என்றார் மொசியே லூர்துசாமி. சுவாமியும் கோடை விடுமுறையில் போயிருப்பார், சாப்பிடுங்கள் என்றார் சிவநேசன் அண்ணை. அக்கா எபினே வீட்டில் இருந்த மகளுக்கு போன் எடுத்தார். மகள் அங்கேயும் இன்னும் வெளிச்சம்தான் என்று பிரெஞ்சில் சொன்னாள். அக்கா பசியோடு உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிற பெண், விளங்கியதோ இல்லையோ, உருளைக்கிழங்குத் தட்டை மூடி அவருக்காக எடுத்து வைத்தாள்.

மகள் திருப்பி போன் எடுத்துச் சொன்னதும், அக்கா பையிலிருந்த பற்றரி விளக்கை ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தட்டைத் திறந்தார். நெருப்புப் பந்து போல சூரியன் ஜன்னலில் நின்றது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சொன்னார்: “இஞ்சத்தைச் சூரியனை நம்பேலாது பிள்ளை, நான் எபினேச் சூரியனிலை முடிக்கிறன்.”

கடைசி ஊர்

நோர்வேயின் கிழக்கு மூலையில் வார்டோ என்று ஒரு தீவு. காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போனது. “எங்கடை ஆக்கள் கால் வைக்காத இடம்” என்று ஒலிவாங்கியில் பெருமையாகச் சொல்லி எல்லோரையும் இறக்கினேன். சுப்பர் மார்க்கெட்டுக்குள் போன சிவநேசன் அண்ணை மீன் பெட்டிக்கு முன்னால் நின்று, “இது என்ன மீன் தங்கச்சி?” என்று என்னிடம் கேட்டார். எங்களுக்குப் பின்னால் கூடையோடு நின்ற ஒரு பெண்மணி, “அது கொட் அண்ணை. சொதிக்கு நல்லது” என்றார்.

இளம் வயதில் இந்தக் கரையில் மீன் பதனிடும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டாராம். அண்ணைக்கு மனம் இளகிவிட்டது. மாரிக் குளிர்காலம் முழுக்க வெயில் இல்லை, கோவில் இல்லை, கறிவேப்பிலை இல்லை, லா சப்பலுக்கு வந்துவிடுங்கள், அங்கே எல்லாம் இருக்கிறது என்று கதவடி வரைக்கும் கூடப்போய்ச் சொன்னார். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஒருக்கா வந்தனான் அண்ணை, சாறி எடுக்க. பாவம், அவ்வளவு சனத்துக்குள்ளை நீங்கள் எப்பிடித்தான் இருக்கிறியளோ.”

மஞ்சள் கட்டை

இராசமலர் அக்காவின் கணவர் தவராசா அண்ணை பாரிசில் வெள்ளைக்காரர் உணவகமொன்றில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். வழி முழுக்க அதிகம் பேசவில்லை. எல்லைக்குப் போகிற நாள் காலையில் மட்டும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தார். “பாப்பியே கேப்பாங்களோ தங்கச்சி?” அடையாளப் பத்திரம் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றேன். ஆனாலும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்து மேலே ஜக்கெட்டைப் பூட்டிக்கொண்டார்.

எல்லை என்பது ஒரு சின்ன ஆறு. இந்தக் கரையில் மஞ்சள் கட்டை, அந்தக் கரையில் சிவப்பும் பச்சையுமாக ஒரு கட்டை. அங்கால் கல் எறியக்கூடாது, கூப்பிட்டுக் கதைக்கக்கூடாது, தண்ணீரில் இறங்கக்கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் படம் எடுக்க ஓடிவிட்டார்கள். தவராசா அண்ணை பஸ்ஸிலேயே இருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன்.

“எல்லையெல்லாம் நான் பாத்தனான் தங்கச்சி” என்றார். “அங்காலைப் பக்கமிருந்து.”

போருக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில், ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற முகவர் ஒருவர் அவரை மொஸ்கோவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஒரு மாரி முழுவதும், பத்திரிகை ஒட்டி மறைத்த ஜன்னலுள்ள அறையொன்றில். பிறகு லொறியிலும் நடையிலும் வேறு வேறு எல்லைகள். இரண்டு தரம் பிடித்துத் திருப்பி விட்டிருக்கிறார்கள். “மனுசிக்கு எல்லாம் தெரியும். ஆனா விளம்பரத்திலை கரடிதானே இருந்தது, எல்லை எங்கை இருந்தது” என்றார். “அப்ப இதிலையே இருங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் அவராகவே இறங்கி வந்தார். மஞ்சள் கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அப்போது ஆற்றோரமாக இரண்டு நோர்வே இராணுவப் பையன்கள் ரோந்து வந்தார்கள். அவர்கள் கிட்ட வருவதற்கு முன்னமே அண்ணையின் கை சட்டைப்பைக்குள் போய், கடவுச்சீட்டு வெளியே வந்துவிட்டது. இராசமலர் அக்கா படம் எடுப்பதை விட்டுவிட்டு வந்து அவரோடு ஒட்டி நின்றார். ஒரு பையன் கடவுச்சீட்டைப் பார்க்கவேயில்லை. சிரித்துக்கொண்டு, தன் கழுத்துப்பட்டியை உயர்த்திக் காட்டி, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

“ஆத்தங்கரையிலை நுளம்புக்கடி கூடவாம் அண்ணை. கழுத்தை மூடச் சொல்லுறார்” என்றேன்.

அவர்கள் போன பிறகும் அண்ணை கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை உள்ளே வைத்துவிட்டு, ஜக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். பஸ் புறப்பட்டு வெகுதூரம் போன பிறகு மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எல்லையிலை நிண்ட ஒருத்தன் எனக்கு நுளம்பு கடிக்கும் எண்டு கவலைப்பட்டது இதுதான் முதல்தரம்.”

ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவது மட்டும்தான் என் தொழில். அவர்கள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது எந்த விளம்பரத்திலும் அடங்காது.