மண் கலர் துப்பாக்கியும் பாக்கெட் குங்குமமும்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு புது வியாதி வந்திருக்கிறது. இடுப்பைத் தட்டிப் பார்க்கிற வியாதி.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை... வலது இடுப்பில் ஒரு தட்டு. முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்று சுற்றிலும் தடவினார். அப்புறம், ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து, அசடு வழிய உட்கார்ந்தார். ரசத்துக்குள் இன்னும் இரண்டு தட்டு. மோருக்குள் நாலு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். எண்ணாமல் இருக்க முடியுமா?

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் ஏழுமலை. போலீஸில் ஸ்பெஷல் எஸ்.ஐ. செஞ்சியைச் சுற்றி இருக்கிற ஏதோ ஒரு ஸ்டேஷன் – எது என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. (சமைப்பது நான்தான். இருந்தாலும்...) கான்ஸ்டபிளாகச் சேர்ந்து முப்பத்திரண்டு வருஷம். வருகிற மே மாதம் ரிட்டயர்மென்ட். இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், இலை எடுப்பதற்குள் இந்தத் தகவல் அவருக்குத் தெரிந்துவிடும்.

சரி, வியாதிக்கு வருவோம்.

அவரிடம் பல வருஷமாக ஒரு பிஸ்டல் இருந்தது. சுத்த இரும்பு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் ஆள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அவருடைய பேன்ட்டில் வலது பக்கத்து பெல்ட் பட்டியை நான் எத்தனை தடவை தைத்திருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை டூட்டி முடித்து வந்தால் மறுநாள் முழுக்கத் தைலம்தான். "இந்தச் சனியனை என்னிக்கு இறக்கி வைக்கப் போறனோ" என்று புலம்புவார்.

இறக்கி வைக்கிற நாள் வந்தது. புதிதாக வெளிவந்த பிஸ்டல் ஒன்றை, பயன்படுத்திப் பார்த்து கருத்துச் சொல்லும்படி, சில ஸ்டேஷன்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பியிருந்தார்கள். கீழ்ப்பாகம், கைப்பிடி எல்லாம் பாலிமர். அதாவது... நம் பாஷையில் பிளாஸ்டிக். கலர்கூடக் கறுப்பு இல்லை, யூனிஃபார்முக்குப் பொருத்தமாக மண் கலர். எடை, பழையதோடு பார்த்தால் கிட்டத்தட்ட பாதியாம். அனுபவஸ்தர் என்று இவர் கையில் கொடுத்தார்கள். கூடவே நிரப்பித் தர ஒரு பாரம். எடை எப்படி, பிடிமானம் எப்படி, பாதுகாப்பு எப்படி, குறைகள் என்ன – பக்கம் முழுக்கக் கேள்வி. ஆயுத பூஜை, விஜயதசமி முடிந்த மறுநாள் சுடும் பயிற்சி. அன்றைக்கு வருகிற அதிகாரியிடம் பாரத்தையும் பிஸ்டலையும் காட்ட வேண்டும்.

இனி இடுப்பு வலி இல்லை, மனுஷன் சந்தோஷமாக இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"கனமா இருந்தா, கூடவே இருக்குதுன்னு தெரியும். இது இருக்குதா, வியுந்துடுச்சான்னே தெரியலம்மே" என்றார்.

விழுந்து தொலைந்தால்? மெமோ என்ன, சஸ்பென்ஷனே வரும். அதுதான் தட்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தட்டு.

மகாளய அமாவாசைக்கு மேல்மலையனூரில் டூட்டி. எள் போட்டால் விழாத கூட்டம். இவர் நடுவில் நின்றுகொண்டு இடுப்பைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்திருக்கிறார். போலீஸ்காரரே இடுப்பைப் பிடிக்கிறாரே, பக்கத்தில் எவனோ கைவரிசை காட்டுகிறான் போலிருக்கிறது என்று ஜனங்கள் எல்லாம் பர்ஸைப் பிடித்துக்கொண்டார்களாம். பெண்கள் தாலிச் சரடை முந்தானைக்குள் இழுத்து விட்டுக்கொண்டார்களாம். அன்றைக்கு இவர் நின்ற பக்கத்தில் ஒரு பிக்பாக்கெட் புகார்கூட இல்லை. பாரத்தில் இதை 'நன்மைகள்' பகுதியில் எழுதுங்கள் என்றேன். முறைத்தார்.

அந்தப் பாரத்தை நிரப்புவதற்குள் நாங்கள் பட்ட பாடு! அவர் கட்சி, இரும்பில்லாதது துப்பாக்கியே இல்லை. என் கட்சி வேறு. சீர்வரிசையாகப் பித்தளைக் குடம் கொண்டுவந்தேன். பரண்மேல் இருக்கிறது. தண்ணி லாரி வந்தால் நான் தூக்கிக்கொண்டு ஓடுவது எந்தக் குடத்தை? பிளாஸ்டிக் குடத்தைத்தானே? ஓடுகிற வேலைக்குப் பிளாஸ்டிக்தான் லாயக்கு.

அடுத்து, பாதுகாப்பு. பழையதில் கட்டைவிரலால் தள்ளுகிற ஒரு பூட்டு உண்டு. புதியதில் அது கிடையாது. விசையிலேயே ஒரு சின்ன நாக்கு. விரல் அதை அழுத்தினால்தான் உள்ளே எல்லாம் நகரும். விரல் வைக்காதவரை சுடாது என்று விளக்கினார். வைத்தால்? சுடும். அப்புறம் என்ன, விரலை வைக்காமல் இருங்கள் என்றேன். இவ்வளவு நாள் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறீர்கள்?

அதற்கும் முறைத்தார். ஆனால் எழுதிக்கொண்டார்.

'குறைகள்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை என்றார். தோன்றும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்டேஷன்களில் ஆயுத பூஜையை விடமாட்டார்கள். ஜீப்புக்கு வாழைக்கன்று, லாக்கப் கதவுக்குச் சந்தனப் பொட்டு, மேஜைமேல் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து அதற்கெல்லாம் சந்தனம், குங்குமம். வருகிறவர்களுக்குப் பொரி, கடலை, சுண்டல். அன்று ஒரு நாள்தான் ஜனங்கள் ஸ்டேஷனுக்குச் சிரித்த முகத்தோடு வருவார்கள்.

குங்குமம் என் உபயம். வருஷா வருஷம் நான்தான் கொடுத்து அனுப்புவேன். இந்த வருஷம் ஒரு அல்பத்தனம் செய்தேன். வீட்டில் மேல்மலையனூர்க் குங்குமம் ஒரு டப்பா இருந்தது. அம்மன் குங்குமத்தை லாக்கப் கதவுக்கா பூசுவது என்று மனசு வரவில்லை. பூஜை சாமான் கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற பாக்கெட்டாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பூஜை முடிந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போடும்வரை துடைக்கக் கூடாது. நம் வீட்டுப் புத்தகத்துக்கும் அரிவாள்மணைக்கும் உள்ள அதே சட்டம்தான் துப்பாக்கிக்கும். பொட்டோடு பொட்டாக எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன்.

"இன்னா குங்குமம்மே வாங்கியாந்த?"

குரலே சரியில்லை. என்னவென்று கேட்டேன். இரும்புத் துப்பாக்கிகளை எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு... போய்விட்டதாம். ஜீப்பில் வைத்த பொட்டும் போய்விட்டதாம். புது பிஸ்டலின் கைப்பிடியில் மட்டும் போகவில்லையாம். கை வழுக்காமல் இருக்க அந்தக் கைப்பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஈரச் சந்தனத்தோடு குங்குமச் சாயம் அந்தப் புள்ளிகளுக்குள் இறங்கி ஒரு ராத்திரி ஊறியிருக்கிறது. கறுப்பாக இருந்தால் தெரிந்திருக்காது. மண் கலரில், ரோஸ் கலர் பொட்டு! ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, வட்டமாக, லட்சணமாக.

விடிந்தால் அதிகாரி வருகிறார். இன்னொருவர் கொடுத்து வைத்த பொருள். அதுவும் புதுசு. முப்பத்திரண்டு வருஷம் வராத மெமோ, என்னுடைய பாக்கெட் குங்குமத்தால் வரப்போகிறது.

பழைய டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, தேங்காய் எண்ணெய், எலுமிச்சம்பழம் – பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு பெண் இந்தப் பொருள்களோடு போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைவதைப் பார்த்த சென்ட்ரி என்ன நினைத்தாரோ தெரியாது.

பிஸ்டலை முழுதாக என் கையில் கொடுப்பாரா? சட்டம் பேசுகிற மனுஷன். மேகசினைக் கழற்றினார், குண்டு இல்லை என்று மூன்று தடவை பார்த்தார், மேல்பாகத்தைக் கழற்றினார், குழலைக் கழற்றினார், ஸ்பிரிங்கை எடுத்தார். கடைசியில் வெறும் கைப்பிடிக் கூடு மட்டும் மிச்சம். அதைத்தான் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டு சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தேய்த்தேன். எண்ணெய் போட்டு, சோப்பு போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு. என் விரல்தான் ரோஸ் ஆனது. கைப்பிடி அப்படியே இருந்தது. ஸ்டேஷனில் வேலை பார்க்கிற கௌரி என்கிற கான்ஸ்டபிள் பெண் பக்கத்தில் நின்று ஐடியா கொடுத்தாள். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாமா அக்கா என்றாள். நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் என்றாள். பிளாஸ்டிக் உருகி, பொட்டுக்குப் பதில் பள்ளம் விழுந்தால்? கடைசியாக ஒன்று சொன்னாள் – பொட்டுக்கு மேல் ஸ்டேஷன் பெயரை ஒரு ஸ்டிக்கராக ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்கிறேன்... ஸ்டிக்கர் எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இடுப்பைத் தட்டினார். பிறகு சொன்னார்.

"இத்தினி வருஷம் மெமோ இல்லன்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சேன். கடைசில ஸ்டிக்கர் ஒட்டினு அதைக் காப்பாத்தணுமா? வர்றது வரட்டும்."

பாரத்தை எடுத்தார். 'குறைகள்' கட்டத்தில் தன் கையெழுத்திலேயே எழுதினார்: "குங்குமம் இட்டால் அழிவதில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டூத் பிரஷைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்தவுடன் அந்த மேல்மலையனூர்க் குங்கும டப்பாவைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

மறுநாள் அவர் கிளம்பும்போது வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டேன். குற்றவாளி வேறென்ன செய்வது? மத்தியானம் வந்துதான் நடந்ததைச் சொன்னார்.

வழக்கமாக அவர் சுட்டால் முதல் இரண்டு குண்டு மண்ணுக்குத்தான் போகும். இந்தத் தடவை பத்துக்கு ஒன்பது பலகையில்! கை உதறவே இல்லையாம், பிடித்தால் பசை மாதிரி நிற்கிறதாம். (பத்தாவது குண்டின்போது இடுப்பைத் தட்டிப் பார்த்திருப்பார் என்பது என் சந்தேகம்.) அதிகாரி, எங்கள் மகள் வயசுப் பெண். பாராட்டிவிட்டு பிஸ்டலைக் கையில் வாங்கியிருக்கிறார். திருப்பியிருக்கிறார். பொட்டு.

இது என்ன என்று கேட்டாராம். இவர் விறைப்பாக நின்று, ஆயுத பூஜை, குங்குமம், மேடம், தப்பு என்னுடையது என்று ஒப்பித்திருக்கிறார். குங்குமம் வாங்கியவள் பெயரை இழுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அன்றைக்கு அப்பளம் பொரித்தேன்.

அந்தப் பெண் பாரத்தை வாங்கிப் படித்தாராம். 'குறைகள்' கட்டத்துக்கு வந்ததும் நின்றாராம். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?"

"இல்ல மேடம். வருஷா வருஷம் பலகையைத்தான் சுட்டிருக்கேன். அதுவும் சரியா படல."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, அந்தக் கட்டத்துக்குக் கீழே தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கைப்பிடி கறுப்பு நிறத்தில் வழங்கப் பரிந்துரைக்கிறேன்." கையெழுத்துப் போட்டு, பாரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெமோ இல்லை!

பிஸ்டல் இவரிடமேதான் இருக்கிறது, மே மாதம் வரைக்கும். தட்டுகிற வியாதியும் இருக்கிறது. பொட்டை மட்டும் நான் இனி தேய்ப்பதாக இல்லை.

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் துப்பாக்கியில் பட்ட ஒரே சிவப்பு, நான் வாங்கிக் கொடுத்த பாக்கெட் குங்குமம்தான்... இருந்துவிட்டுப் போகட்டுமே!