நான்கு மூலை மஞ்சள்

என்னிடம் பதினேழு போலந்து சினிமாச் சுவரொட்டிகள் இருக்கின்றன. பெரம்பலூரில் இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "என்ன படம்?" என்பதுதான். எனக்குத் தெரியாது. பதினேழில் ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. பார்த்துவிட்டால் அந்தத் தாள்கள் சுருங்கிப்போய்விடும் என்று ஒரு பயம்.

நான் பத்திர எழுத்தர். முப்பது வருடங்களுக்கும் மேலாக, இன்னாருடைய புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு என்று பிறருடைய நிலங்களுக்கு நான்கு எல்லை எழுதி வருகிறேன். அதற்குச் செக்குபந்தி என்று பெயர். ஒரு நிலத்தின் மேல் கடனோ வழக்கோ இருந்தால் அது வில்லங்கம். இந்த இரண்டு சொற்களும் என் கையெழுத்தில் எத்தனை ஆயிரம் முறை வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, என் சுவரொட்டிக் குறிப்பேட்டிலும் தாள் வந்த தேதி, கிழமை, அன்று மழையா வெயிலா என்பதற்குப் பிறகு, வடக்கு ஓரத்தில் சிறு கிழிசல், கிழக்கு ஓரத்தில் மடிப்பு என்றே எழுதிவைத்திருக்கிறேன்.

இது தொடங்கியது என் மகளால். அவள் வேலை நிமித்தம் போலந்தில் இருக்கிறாள். முதல் விடுமுறைக்கு வரும்போது என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டாள். அச்சுக்கலை பற்றி மாவட்ட நூலகத்தில் அப்போதுதான் ஒரு புத்தகம் படித்திருந்தேன். அந்த நாட்டில் ஒரு காலத்தில் சினிமாச் சுவரொட்டிகளை ஓவியர்கள் தம் மனம் போன போக்கில் வரைந்தார்கள் என்றும், பலவற்றில் கதாநாயகனின் முகமே இருக்காது என்றும் அதில் இருந்தது. நம் ஊரில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் மூக்கும் மீசையும் தெரிய வேண்டும். முகமே இல்லாத சுவரொட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒன்று தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். நீல நிறத்தில் ஒரு உள்ளங்கை. அதன் ரேகைகளுக்கு நடுவே வெளிச்சம் எரியும் ஒரு ரயில் ஜன்னல். அவ்வளவுதான். அன்று மதியம் நான் சாப்பிட்டது நினைவில்லை.

அதற்குப் பிறகு அவள் அட்டைக் குழாய்களில் சுருட்டி அனுப்ப ஆரம்பித்தாள். என் மனைவி அவற்றுக்கு வைத்த பெயர் சுருட்டு. "ஏங்க, சுருட்டு வந்திருக்கு" என்று வாசலிலிருந்து அவள் கூப்பிடுவதைக் கேட்டு, நான் இந்த வயதில் புகைக்கப் பழகிவிட்டேன் என்று எதிர்வீட்டில் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. குழாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பிரித்து, காற்றாட விட்டு, மறுபடியும் சுருட்டி வைப்பேன். சுவரில் மாட்டியதில்லை. மாட்டினால் வெயில், பல்லி, சுண்ணாம்பு. அவளும் அவற்றைத் தொட்டதில்லை. கூட்டும்போது துடைப்பத்தை அவற்றுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே நிறுத்திக்கொள்வாள்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வரதராஜன்பேட்டையில் இன்னொருவர் இருப்பது இணையத்தில் ஒரு குழுவின் வழியாகத் தெரியவந்தது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அவருடைய சித்தி கன்னியாஸ்திரி, பல வருடம் போலந்தில் ஒரு மடத்தில் இருந்தவர். ஊர் திரும்பும்போது ஒரு மாதா படத்தின் கண்ணாடி உடையாமல் இருக்க, கையில் கிடைத்த பெரிய தாளைச் சுற்றிக் கொண்டுவந்தார். மாதா படம் கோயிலுக்குப் போய்விட்டது. தாள் ஆசிரியரிடம் தங்கிவிட்டது.

அந்தத் தாளைத்தான் நான் விரும்பினேன். அது அங்கே திரையிடப்பட்ட ஏதோ ஓர் இந்தியப் படத்துக்கான சுவரொட்டி. வரைந்தவர் யானையை நேரில் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். முழு நீலத்தில் ஒரு யானை, பூனையைப் போல மெல்லிய கால்கள், முதுகில் அம்பாரிக்குப் பதிலாக நிலா. சுற்றிலும் எந்தக் காட்டிலும் வளராத மரங்கள். நம்மை ஒருவர் எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு கனவு கண்டிருக்கிறார், அந்தக் கனவு முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு பீரோவுக்குள் கிடக்கிறது என்ற நினைப்பே என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

இரண்டு வருடம் கேட்டேன். விற்கமாட்டேன் என்றார். பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். ஏணிப் படம் என்று சேகரிப்பவர்கள் சொல்லும் ஒரு சுவரொட்டி உண்டு. அது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"ஆனா ஒண்ணு சார். மூலை நாலும் சுத்தமா இருக்கணும். நான் பிள்ளைங்க டிராயிங்குக்கே மூலை மடங்கினா மார்க் குறைக்கிறவன். மெட்ராஸ்ல வேற ஒருத்தர் யானையக் கேட்டுக்கிட்டே இருக்காரு. உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

மகள் ஏழு மாதம் தேடினாள். கிடைத்தது. மூலைகள் கத்தி போல இருக்கின்றன என்று படம் எடுத்து அனுப்பினாள். ஆசிரியர் நாள் குறித்தார். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் யானையோடு பெரம்பலூர் வருவதாக.

பங்குனியில் இரண்டாவது வெள்ளிக்கிழமை. நான் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்காக அரியலூர் போயிருந்தேன். பதினொன்றரைக்கு மனைவி போன் செய்தாள்.

"சுருட்டு வந்திருக்கு. குழாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்குங்க."

எனக்குப் பதறியது. முதல்முறையாக அவளிடம் பிரிக்கச் சொன்னேன். கூடத்தைத் துடைத்து, பழைய வேட்டி விரித்து, அதன்மேல் தாளை விரித்து, ஓரங்களில் புத்தகங்களைப் பாரமாக வைக்கும்படி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கை கழுவிட்டுத் தொடு."

"குளிச்சிட்டுத்தாங்க இருக்கேன்."

கிழிசல் எதுவும் இல்லை என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே வரிசையாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள். சாலையோரத்துப் புளியமரங்கள் எல்லாம் வெள்ளைத் தூசியில், பென்சிலால் வரைந்து வண்ணம் அடிக்காமல் விட்டவை போல நின்றன. இந்த மண் ஒரு காலத்தில் கடலடி. தோண்டினால் இன்றும் சங்குகள் கல்லாகக் கிடைக்கின்றன. எங்கள் பஸ் கடலின் தரையில் ஊர்ந்து போகிறது, மேலே வெகு உயரத்தில் நீல யானை நீந்துகிறது என்று பாதி உறக்கத்தில் நினைத்துக்கொண்டு வந்தேன். பெரம்பலூர் வந்ததைக் கண்டக்டர்தான் சொன்னார்.

கூடத்தில் தாள் விரிந்துகிடந்தது. சாம்பல் நிற வானம், அதில் ஒரு ஏணி. ஏணி ஒரு பெண்ணின் பின்னலாகத் தொடங்கி மேலே போகப்போக மரச்சட்டமாக மாறுகிறது. உச்சியில் யாரும் இல்லை. ஒரு செருப்பு மட்டும் தொங்குகிறது.

பிறகுதான் மூலைகளைப் பார்த்தேன். நான்கிலும் பெருவிரல் அளவுக்கு மஞ்சள்.

குனிந்து ஒரு மூலையை முகர்ந்து பார்த்தேன்.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?"

"இது யார் வெச்சது?"

"நான்தான். மாத்திக்கப் போற காயிதம்ங்கறீங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வூட்டுக்கு வந்திருக்கு. பத்திரிகைக்கு மஞ்ச வெக்காம யாராச்சும் அடுத்தவங்க கையில குடுப்பாங்களா?"

நியாயம்தான். எங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்துதான் மூலைக்கு மூலை மஞ்சள் தடவினோம். புதுச் சட்டைக்கு வைக்கிறோம். புதுக் கணக்குப் புத்தகத்துக்கு வைக்கிறோம். இத்தனை வருடம் ஒரு சாண் தள்ளியே நின்றவள் இன்றுதான் என் காகிதங்களில் ஒன்றை வீட்டுக் காரியமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே புரிந்துவிட்டது.

"சோப்புத் தண்ணியில லேசா ஒத்தி எடுத்திடட்டா?"

"வேண்டாம்மா. சோப்பு பட்டா செவப்பாயிடும்."

"பதினேழு வச்சிருக்கீங்க. ஒண்ணு மேலயாச்சும் எழுதி ஒட்டியிருக்கலாமில்ல, தொடாதேன்னு."

மஞ்சள் வெயிலில் போகும் என்பது வீட்டில் துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெயில் மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாது, ஓவியத்தையும் எடுத்துப்போகும். கறுப்புக் குடைத்துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, நான்கு மூலைகளில் மட்டும் பெருவிரல் அளவு ஓட்டை வெட்டினாள். அதைத் தாளின் மேல் போர்த்தி, மேலே கண்ணாடி வைத்து, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாடியில் வைத்தோம். எட்டு நாள் இருந்தது.

அந்த எட்டு நாட்களை நான் இன்னும் கனவு போலத்தான் நினைத்துக்கொள்கிறேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய் போட்டு இருவரும் உட்கார்ந்திருப்போம். காகம் வந்தால் அவள் விரட்டுவாள். நிழல் நகர நகரப் பாயும் நகரும். மூலைகளின் நிறம் சனிக்கிழமை மாலை, வேகவைத்த முட்டையின் கரு. திங்கள், பழுத்த எலுமிச்சை. புதன், பழைய வேட்டியின் மடிப்பு. குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவள் கேட்டாள். "அந்தப் படத்துல என்னதான் கதை?"

"தெரியாது."

"தெரியாதா? அப்புறம் என்னத்தத்தான் பாக்கறீங்க இத்தன வருசமா?"

அவள் கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் அடியில் படம் ஓடுவது போல.

"அவ துணி காயப்போட மாடிக்கு ஏறியிருப்பா. மேல போனதும் காத்து நல்லா இருந்திருக்கும். கீழ எறங்க மனசு வரல. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டுக் கீழ இருக்கறவங்க சாப்புட்டுப் படுத்துட்டாங்க. அவ்ளோதான் கதை."

"செருப்பு?"

"அது கூப்புட்டப்ப எறங்கலாமான்னு ஒரு கால வச்சுப் பாத்தது."

அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு தங்கை வந்தாள். வியாழக்கிழமை மழை வந்து கதையில் எல்லோரும் நனைந்தார்கள். மாடியில் அனல் அடித்தது. நான் பத்திர ஆபீசுக்குப் போகவேயில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மூலைகள் சுத்தமாகிவிட்டன. நான்காவது போகவில்லை. எந்த நல்ல காரியத்தையும் அவள் கன்னி மூலையில்தான் தொடங்குவாள், வீட்டின் தென்மேற்கில். அங்கே மஞ்சளைக் கெட்டியாக வைத்து, நடுவில் ஒரு பொட்டு குங்குமமும் வைத்திருந்தாள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று, தாளையும் கிழக்கே தலைமாடாக விரித்திருந்தாள். அதனால் வீட்டின் கன்னி மூலை, தாளின் வலது கீழ் மூலையாகிவிட்டது. ஓவியர் கையெழுத்துப் போட்டிருந்த மூலை. மஞ்சள் வெளுத்த பிறகு அந்தக் கையெழுத்தின் கடைசி எழுத்துக்கு மேல், கடுகளவு குங்குமம் தனியாக நின்றது. கடைக் குங்குமத்தில் சாயம் இருக்கும். அது எந்த வெயிலுக்கும் அசையாது.

"சட்டம் போட்டா உள்ள மறைஞ்சிடுங்க" என்றாள். உண்மைதான். அரை அங்குலம் மறைத்தால் போதும்.

சனிக்கிழமை மாலை உட்கார்ந்து, தாளின் நிலையை ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதினேன். நான்கு ஓரங்களையும் எழுதியபின் வில்லங்கம் என்று தலைப்புப் போட்டேன். கை அங்கே நின்றது. ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிட்டால் யானை வந்துவிடும். எழுதாமல் விட்ட வில்லங்கங்களால் அண்ணன் தம்பி பேசாமல் போனதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எழுதினேன்: நான்கு மூலைகளிலும் மஞ்சள், வெயிலில் வெளுக்கப்பட்டது. கீழ் வலது மூலையில் குங்குமம் ஒரு புள்ளி, நீங்காது.

ஆசிரியர் ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தார். யானை பிளாஸ்டிக் பைப்புக்குள் இருந்தது. கையில் ஒரு பை முந்திரிப்பருப்பு. என் காகிதத்தை நின்றபடியே படித்தார். பிறகு முட்டி போட்டு, பூதக்கண்ணாடியால் மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"குங்குமமா சார்?"

"நான்தாங்க வெச்சேன்" என்றாள் மனைவி, காபி டம்ளர்களோடு. "நல்லபடியா உங்க கைக்கு வரணும்னுதான்."

"எங்க வூட்டுல இப்படித்தாம்மா. புதுசா எது வாங்குனாலும் தீர்த்தம் தெளிச்சிருவா. என் கேமரா போனது அப்படித்தான்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது சார். இப்ப தெரிஞ்சிடுச்சு. கையெழுத்தப் பாக்கும்போதெல்லாம் கண்ணு அங்கதான் போவும். என் புத்தி அப்படி. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லைங்க."

"மெட்ராஸ்காரருக்கு வாக்குக் குடுத்துடறேன்."

அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. வந்ததற்கு ஒருமுறை காட்டிவிட்டுப் போகும்படி கேட்டேன். அவர் பைப்பைத் திறந்து, ஏணிக்குப் பக்கத்தில் யானையை விரித்தார். அந்த நீலம் எந்தக் கைப்பேசிப் படத்திலும் வந்ததில்லை. கூடத்தின் தரையே அரை அடி தாழ்ந்துபோனது போல இருந்தது. மூவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் அவரும் முந்திரி தின்றபடி. மனைவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். பைப் நீளமாக இருந்ததால் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு போனது. பஸ் திரும்பும்வரை அதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"நல்ல யானைதாங்க. ஆனா அந்தக் கால வச்சுக்கிட்டு அது நம்ம தெருவு தாண்டாது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கோவமா?"

"இல்ல."

"ஏணிய எடுத்துச் சுருட்டணுமா?"

குழாய் தயாராகச் சுவரோரம் நின்றது. நான் அதை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அந்த ஞாயிறு முழுக்க ஏணி கூடத்தின் நடுவிலேயே கிடந்தது. நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். சாயங்காலம், அவள் கதையில் அந்தப் பெண்ணின் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று நானாகவே கேட்டேன். சொல்லத் தொடங்கினாள்.