டோரீன் ஹெப்ளரின் இரண்டு மடங்கு ஸ்கோப்

கணவன் போன துக்கம் டோரீன் ஹெப்ளருக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்கு மேல் இருக்கவில்லை. பல் டாக்டர் ஆபீஸில் பல் சுத்தம் செய்துவிடும் பெண் ஒருத்தியோடு டேல் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிட்டான். போய்த் தொலையட்டும். போகிற அவசரத்தில் நீளத் துப்பாக்கி அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனவன், அலமாரியின் அடித்தட்டில் கிடந்த நாற்பத்து நாலு மேக்னம் ரிவால்வரை மறந்துவிட்டான். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது இன்னொன்றையும் மறந்தான். மலைமேல் இருந்த மான்வேட்டைக் கேம்பில் அவனுக்கு ஒரு பங்கு இருந்தது. டோரீனின் வக்கீல் அதைச் சத்தமில்லாமல் அவள் பேருக்கு எழுதிவிட்டார்.

பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில் வீட்டை விட்டுக் கொடுப்பவன் உண்டு, பெண்டாட்டியை விட்டுக் கொடுப்பவன் உண்டு. கேம்ப் பங்கை விட்டுக் கொடுத்தவனை யாரும் பார்த்ததில்லை. ஆறு ஆண்கள், ஒரு விறகு அடுப்பு, எட்டுக் கட்டில், கணக்கில்லாத எலிகள் என்று நாற்பது வருஷமாக நடந்துகொண்டிருந்த அந்த மரக் குடிசைக்குள், முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி தன் தலையணையோடு வந்து இறங்கினாள். எலிகள் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னவர் மெர்ல் ஹெப்ளர். டேலின் அண்ணன், கேம்ப்புக்குக் கேப்டன். நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயில் ஆணி வைத்துக்கொண்டே பேசக்கூடிய மனுஷர், ஏனென்றால் பேச்சை நிறுத்தினால்தான் அவருக்கு மூச்சு முட்டும். பீச் என்கிற காட்டு மரங்கள் நிற்கும் சரிவு டேலுக்கு இருந்தது, கேம்ப்பிலேயே நல்ல இடம். மான்கள் அங்கே வரிசையில் வரும். டேல் போனதும் அது தனக்கு வந்துவிடும் என்று மெர்ல் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்தார். வந்ததோ தம்பி பெண்டாட்டி, அதுவும் முன்னாள்.

சட்டப்படி அவளை வெளியே தள்ள முடியாது. ஆனால் கேம்ப்புக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சுட்டு மான் தப்பினால் சுட்டவரின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதி, சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். தொடர்ந்து நாலு வருஷம் சட்டை போனால் காட்டில் இடமும் போகும். அந்த ஆள் அதற்கப்புறம் அடுப்படிதான். நாலை இதுவரை யாரும் எட்டியதில்லை. மூன்று வருஷம் சட்டையைப் பறிகொடுத்த ஸ்டாஷ் என்ற குண்டு மனுஷர், நாலாம் வருஷம் வேட்டை தொடங்குகிற அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல் வரவழைத்துக்கொண்டார்.

டோரீனுக்கு இப்போது மூன்று ஆகியிருந்தது.

அவள் சுடத் தெரியாதவள் இல்லை. பஸ் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி வலது தோள் தேய்ந்து ஆபரேஷன் ஆகியிருந்ததால் நீளத் துப்பாக்கியின் இடியை அது தாங்காது. அதனால்தான் ரிவால்வர். கோளாறு ரிவால்வரில் இல்லை, குறி பார்க்க அதன் தலையில் அவள் ஏற்றி வைத்த தொலைநோக்கிக் குழாயில், அதாவது ஸ்கோப்பில் இருந்தது.

முதல் வருஷம், டேல் விட்டுப்போன நீளத் துப்பாக்கி ஸ்கோப்பை எடுத்து மாட்டினாள். அது கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தால்தான் படம் காட்டும். அவளும் விவரம் தெரியாமல் முகத்தை அதோடு ஒட்டிக்கொண்டு சுட்டாள். மான் போயிற்று, பின்னால் உதைத்த ஸ்கோப் இடித்துப் புருவத்தில் பிறை வடிவத்தில் வெட்டு வந்தது, சட்டை சுவருக்குப் போயிற்று.

இரண்டாம் வருஷம், கை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்படியான கைத்துப்பாக்கி ஸ்கோப்பே வாங்கினாள். எட்டு மடங்கு வரைக்கும் பெரிதாக்கும். அந்தப் பக்கத்துச் சட்டப்படி கொம்பில் ஒரு பக்கத்துக்காவது மூன்று கிளை இருக்கிற ஆண் மானைத்தான் சுடலாம். எண்ணத் தப்பினால் அபராதம், அவமானம். கிளைகளை எண்ண வேண்டுமானால் பெரிதாகத் தெரிய வேண்டும், பெரிதாகத் தெரிய எட்டு மடங்கு வேண்டும். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் விழுகிற குழி இதுதான், அவளும் விழுந்தாள். மணல் மூட்டைமேல் ரிவால்வரைச் சாய்த்துச் சுட்டபோது எல்லாம் ஒரே இடத்தில் போய்ப் பதிந்தது. காட்டில் மணல் மூட்டையை யார் சுமப்பது? வெறுங்கையில் பிடித்ததும் ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு மானின் காதிலிருந்து வால்வரை ஊர்வலம் போயிற்று. அது தோளைக் கடக்கும் சமயம் பார்த்து விசையை வெடுக்கென்று இழுத்தாள். இரண்டாவது சட்டை.

மூன்றாம் வருஷம் மான் இருபது தப்படியில் வந்து நின்றது. எட்டு மடங்கில் வெறும் ரோமம் தெரிந்தது. எந்தப் பக்கத்து ரோமம் என்று யோசித்து முடிப்பதற்குள் அது நகர்ந்துவிட, குண்டு ஒரு பீச் மரத்தில் போய்ப் புதைந்தது.

"மரத்துக்கு எத்தனை கிளைன்னு எண்ணினியா, டோரீன்?" என்று மெர்ல் கத்தரிக்கோலோடு வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். டோரீனும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கேம்ப்பில் மட்டும்தான் அவளை யாரும் டேல் விட்டுப்போன டோரீன் என்று பார்க்கவில்லை, மானைக் கோட்டைவிட்ட டோரீன் என்று பார்த்தார்கள். அது எவ்வளவோ தேவலை. அந்தச் சரிவில் விடியலில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு யார்மேலும் கோபம் இருந்ததில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு ஆறு தடியர்களுக்கு உருளைக்கிழங்கு வறுக்க விடுவார்களாம்.

ஆகஸ்ட் மாதம் இர்வின் துப்பாக்கிக் கடைக்குப் போய்ப் பத்து மடங்கு ஸ்கோப் கேட்டாள்.

இர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்குங்க? மானோட கைரேகை பார்க்கவா?"

"கிளையை எண்ணணும்."

"எண்றதுக்குக் கழுத்துல பைனாகுலர் தொங்குது இல்ல? அதுல எண்ணுங்க. ஸ்கோப் சுடறதுக்கு. அது உங்க கையைப் புடிச்சு நிறுத்தாதுங்க, கை ஆடறதைத்தான் பெருசாக்கிக் காட்டும். எட்டு மடங்கு வெச்சா எட்டு மடங்கு ஆட்டம். பார்க்கப் பார்க்க உங்களுக்கே பயம் வந்துடும்."

"அப்ப எத்தனை மடங்கு வாங்கறது?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க, சாப்பாட்டுத் தட்டுகிட்ட கேளுங்க." ஒரு கட்டுக் காகிதத் தட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். "மூட்டை கீட்டை எதுவும் வேணாம். காட்டுல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க. ஆறு குண்டும் தட்டுல விழற தூரம் எவ்வளவோ, அதுதான் உங்க தூரம். அந்தத் தூரத்துக்கு எது வேணுமோ அதை வாங்குங்க."

இரவல் ஸ்கோப் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். இரண்டே மடங்கு, திருகிப் பெரிதாக்க வளையம்கூடக் கிடையாது. துப்பாக்கி கிளப்பின் மைதானத்தில் டோரீன் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை மடக்கி, அவற்றின்மேல் கைகளை ஊன்றிக்கொண்டு மூன்று மாதம் தட்டு சுட்டாள். ஐம்பது தப்படியில் ஆறுக்கு ஆறு. அறுபதில் நாலு. அறுபதை ஆறுக்கு ஆறாக்கிவிட வேண்டும் என்று அக்டோபர் முழுக்க முட்டி மோதினாள். முடியவில்லை. சரி, நம்ம தூரம் ஐம்பது என்று ஒத்துக்கொண்டாள். அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒத்துக்கொண்ட பிறகு நன்றாகத் தூங்கினாள். இரவல் ஸ்கோப்பை விலைக்கே வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் கடைசியில் கேம்ப்பில் அதைப் பார்த்ததும் மெர்லுக்குப் பண்டிகைதான்.

"என்னது இது, தண்ணிக் குழாயா? எத்தனை மடங்கு?"

"ரெண்டு."

"ரெண்டா! அதுக்கு என் மூக்குக் கண்ணாடி போதுமே. என் துப்பாக்கியில பன்னெண்டு வெச்சிருக்கேன், மான் கண் சிமிட்டறதுகூடத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற, கல்யாணமா பண்ணிக்கப் போற?" என்றாள் டோரீன்.

ஸ்டாஷுக்குப் புரையேறியது. மெர்ல் விடவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் எனக்கு முட்டையும் பன்றித் தொடையும் வேணும். முட்டை கலங்காம இருக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் வேட்டை தொடங்கியது. விடியலில் டோரீன் தன் சரிவில் பெரிய பீச் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சட்டம் சொல்கிறபடி எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி, ஆரஞ்சு மேல்சட்டை. ஏழே முக்காலுக்கு ஒரு ஆண் மான் மேலிருந்து மெல்ல இறங்கியது. பைனாகுலரில் எண்ணினாள். வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் மூன்று. அவசரப்படவில்லை. அது அறுபதில் நின்று மேய்ந்தது, ஐம்பத்தைந்தில் தலை தூக்கியது. நாற்பத்தைந்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

முழங்கால்மேல் கையை ஊன்றி ரிவால்வரின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தாள். ஸ்கோப்பில் முழு மானும் தெரிந்தது. குறிக்கோடு தோளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது, அசையவே இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, இது என்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. விரலை விசைமேல் வைத்தாள்.

மானைச் சுற்றிக் காடும் தெரிந்தது. பின்னால் வழுக்கையாய் நிற்கும் பீச் மரங்கள், விழுந்து கிடக்கும் ஒரு அடிமரம், அதன்மேல் ஒரு ஆரஞ்சுப் புள்ளி.

புள்ளி அசைந்தது.

டோரீன் விரலை எடுத்தாள். குழலைத் தரைக்குத் திருப்பி, சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கினாள். மான் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் இறங்கிப் போய்விட்டது.

"யாருய்யா அங்க?" என்று கத்தினாள்.

அடிமரத்துக்குப் பின்னாலிருந்து மெர்ல் எழுந்து நின்றார். தன் இடத்தை விட்டு அரை மைல் நடந்து வந்திருக்கிறார். கிட்டே வந்ததும் அவர் சட்டைப் பையில் கத்தரிக்கோல் காது நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"இங்க என்ன பண்ற?"

"சும்மா பார்க்கலாம்னு…"

"எதை?"

மெர்ல் கத்தரிக்கோலைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "நீ கோட்டை விடறதை" என்றார் கடைசியில். "சத்தம் கேட்ட உடனே வந்து நிக்கலாம்னு நெனச்சேன். ஒரு தமாஷுக்கு."

டோரீனுக்கு அழுகை வந்தது. இந்த ஆளுக்காகவா அழுகிறோம் என்ற எரிச்சல் அதற்கு மேல் வந்தது. ரிவால்வரைத் திறந்து ஆறு தோட்டாவையும் உள்ளங்கையில் கொட்டினாள்.

"உக்காரு. என் இடத்துல உக்காரு. இதுல பாரு, மான் நின்ன இடத்தைப் பாரு."

மெர்ல் உட்கார்ந்து, கையை நீட்டி, பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"எல்லாந்தான் தெரியுது. அடிமரம் தெரியுது."

"இப்ப உன்னுதைக் காலி பண்ணிட்டு அதுல பாரு. அதே இடம்."

தன் துப்பாக்கியைக் காலி செய்து பன்னிரண்டு மடங்கில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதில் ஒரு கை அகலத்துக்குக் காய்ந்த இலையும் கொஞ்சம் பாசியும் தெரிந்தன. அடிமரம் இல்லை. அதன் பின்னால் இருந்திருக்க வேண்டிய மனுஷனும் இல்லை.

துப்பாக்கியை மடியில் வைத்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"போன வருஷ ஸ்கோப்பா இருந்தா நீ செத்திருப்பே, மெர்ல்," என்றாள் டோரீன். "நானும்தான். கொன்னுட்டு எப்படி இருந்திருப்பேன்?"

"டோரீன், நான்…"

"என்கிட்ட எதுவும் சொல்லாதே. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில எல்லார்கிட்டயும் சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்வேன், நான் சொன்னா நல்லா இருக்காது."

அன்றைக்கு அதற்கப்புறம் மான் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் கேம்ப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் சமைக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் டோரீனைப் பார்த்தார்கள், பிறகு அவள் சட்டையைப் பார்த்தார்கள். முழுசாக இருந்தது.

"சுட்டியாம்மா?" என்றார் ஸ்டாஷ்.

"சுடலை."

"மான் வரலையா?"

டோரீன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மெர்ல் சுவரோரம் நின்றார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தார்.

"வந்துச்சு," என்றார். "நல்ல மான். நாற்பத்தஞ்சு தப்படி. அவ கை ஆடவே இல்லை, நான் பார்த்தேன்."

"நீ எப்படிப் பார்த்தே?" என்றார் ஸ்டாஷ்.

"அதுக்குப் பின்னால நான் இருந்தேன். கத்தரிக்கோலோட. மானைத் தாண்டி குண்டு வந்தா படற இடத்துல என் தலை இருந்துச்சு. அந்தத் தண்ணிக் குழாய்ல நான் தெரிஞ்சேன், அவ சுடலை. அவ்வளவுதான் விஷயம்."

யாரும் சிரிக்கவில்லை. விறகு ஒன்று வெடித்தது.

மெர்ல் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போய் வாணலியை எடுத்தார். முட்டை உடைக்கத் தெரியாத மனுஷர். முதல் இரண்டு முட்டையும் கலங்கின. அப்படியே ஒரு தட்டில் போட்டு டோரீன் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"அடுத்த வருஷம் உனக்கு எந்த இடம் வேணும்னாலும் எடுத்துக்க," என்றார் மெல்ல. "என்னுதுகூட எடுத்துக்கோ."

டோரீன் முட்டையைப் பார்த்தாள். உப்பை எடுத்துத் தூவினாள். பசி கொன்றுகொண்டிருந்தது.

"உன்னுது எனக்கு எதுக்கு மெர்ல்? நான் என் இடத்துலதான் இருந்தேன். நீ உன் இடத்துல இரு, அது போதும்."