டத்தோ குடியிருந்த வீடு

ஈப்போவில் வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று சொன்னால் கோலாலம்பூரில் இருக்கும் என் தோழிகள் சிரிப்பார்கள். தாங்கள் கொடுப்பதில் பாதிகூட வராதே என்பார்கள். உண்மைதான். ஆனால் நாங்கள் கோலாலம்பூரிலிருந்து வரவில்லை. சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தோம். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய்த் தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்ட தோட்டம். அங்கே என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். வாடகை என்ற பேச்சே எங்களுக்குப் பழக்கமில்லை.

ஈப்போவில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கணவர் அறை குளிரூட்டும் ஏர்கோன் பழுது பார்ப்பவர். அவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. மகளை அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அதற்குள் ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று துணிமணிகளோடு ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினோம். முன்கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தோம். அக்கா தலையணையும் போர்வையும் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் காலையில் அவள் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது எங்கள் மெத்தையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

நான் சீனப்பள்ளியில் படித்தவள். அப்பா என்னை அங்கே சேர்த்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்தப் பள்ளியின் வாசலில் பேருந்து நிற்கும், அவ்வளவுதான். அதனால் மண்டரின் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. தொலைபேசியில் பேசினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் வீட்டுக்கு அப்படித்தான் பேசினேன். ஏஜென்ட் இளம்பெண். சிரித்துச் சிரித்துப் பேசினாள். அமைதியான தெரு, பக்கத்தில் சந்தை இருக்கிறது, சனிக்கிழமை வாருங்கள் என்றாள். போனோம். கேட் அருகே நின்றுகொண்டிருந்தவள் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். வேறு யாரோ வரவேண்டும் என்பதுபோல. நான் மண்டரினில், "நாங்கதான் ஃபோன்ல பேசினது" என்றேன். அவள் முகம் மாறியது. கொஞ்சம் தள்ளிப்போய் வீட்டுக்காரரோடு பேசிவிட்டு வந்தாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. சீனங்களுக்கு மட்டும்னு சொல்றாரு. எனக்கு முன்னமே சொல்லல."

அவளுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. காரிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்து என் மகளிடம் கொடுத்தாள். அவளிடம் கோபித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது கணவர் கேட்டார்:

"ஏன் நீ மொதல்லயே சொல்லல?"

"அந்தப் பொண்ணு கேக்கலயே."

"நீ பேசுற பேச்சுக்கு யாரு கேப்பா லா? சீனப் பொண்ணுன்னுதான் நெனப்பாங்க. இனிமே சொல்லிரு. பெட்ரோலாவது மிஞ்சும்."

அதற்குப் பிறகு எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவேன். 'நாங்கள் இந்தியர்கள், மூன்று பேர், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம்.' பெரும்பாலானவர்கள் மரியாதையாகவே மறுத்தார்கள். இப்போதுதான் வேறொருவர் முன்பணம் கட்டினார் என்பார்கள். அந்த வேறொருவர் ஈப்போ முழுவதும் எங்களுக்கு ஓர் அடி முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பழைய நகரத்தில் ஒரு கடையின் மாடியைக் காட்டியவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். வார இறுதிக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டாலே போதும், மாத வாடகைக்கு ஆள் வைத்து எதற்கு என்று அவர் மகன் சொல்லிவிட்டானாம்.

நம்மவர் வீடு ஒன்றும் பார்த்தோம். அரசாங்க வேலையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். வீட்டின் பின்பகுதியை விடுவதாகச் சொன்னார்கள். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு கணவரைப் பார்த்து, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். நாங்கள் தோட்டம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கணவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பெரியவர் தலையாட்டிக்கொண்டார். தீபாவளிக்கு உறவுக்காரர் எத்தனை பேர் வருவார்கள், இரவு தங்குவார்களா என்று விசாரித்தார். கடைசியில், "நாங்கள் சுத்த சைவம். பின்பக்கம் எண்டாலும் மச்சம் சமைக்க ஏலாது" என்றார்.

வாடகை எங்கள் சக்திக்குள்தான் இருந்தது. வீடும் நல்ல வீடு. ஆனால் என் கணவர் சித்தியவான்காரர்; கடல் பக்கத்தில் வளர்ந்தவர். மீன் இல்லாமல் ஒரு வாரம் தாங்கமாட்டார். வெளியே வந்ததும், "நல்ல மனுசன்தான். ஆனா நெத்திலிகூட வறுக்க முடியாதுன்னா எப்படி?" என்றார். அக்காவிடம் சொன்னபோது அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இன்னும் கொஞ்ச நாளைக்கு மெத்தை கூடத்தில்தான் என்று எனக்குப் புரிந்தது.

ஈப்போவை ஒட்டிய லகாட்டில் இருந்த வீட்டைப் பற்றிக் கணவர்தான் கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே ஒரு காப்பிக்கடையில் ஏர்கோன் கழுவப் போயிருந்தபோது, பின்தெருவில் ஒரு வீடு ரொம்ப நாளாகக் காலியாக இருப்பதாகக் கடைக்காரர் சொன்னாராம். தொலைபேசி எண்ணை வாங்கி வந்தார். நான் அழைத்தேன். வயதான சீனப் பெண்மணி பேசினார். வழக்கம்போல முதலிலேயே சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க கிறிஸ்தவங்களா?"

"இல்ல ஆன்ட்டி. இந்து."

"அப்ப வந்து பாருங்க."

இப்படி ஒரு பதிலை அதுவரை கேட்டதில்லை. மறுநாள் மாலையே போனோம்.

ஒற்றை மாடி வரிசை வீடு; அது ஓரத்து வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. மூன்று அறைகள், காற்று வரும் சமையலறை, துணி காயப்போட நல்ல இடம். நிலத்தின் மூலையில் ஒரு மாமரம். அதன் அடியில், இடுப்பளவு உயரத்தில் சிவப்புக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே மலாய்க்காரர்கள் அணியும் சொங்கோக் தொப்பி போட்ட, வெள்ளைத் தாடி வைத்த சின்ன உருவம். டத்தோ கோங். நிலத்தைக் காக்கிறவர் என்று சீனர்கள் கும்பிடுகிற மலாய் முஸ்லிம் பெரியவர். ஈப்போ முழுக்க மரத்தடிகளில் இருக்கிறார். பார்த்துப் பழகிய முகம்தான்.

"இவராலதான் வீடு காலியா கெடக்குது" என்றார் வீட்டைக் காட்ட வந்திருந்த அந்தச் சீன அம்மா. இறந்துபோன அவர் கணவர் கட்டிய கோயிலாம். அம்மா இப்போது மகனோடு ஊரின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறார். தினமும் வந்து போக முடியவில்லை. ஒரு மலாய்க் குடும்பத்துக்கு வீடு மிகவும் பிடித்திருந்தும், முற்றத்தில் கோயிலை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்று போய்விட்டார்கள். தேவாலயத்துக்குப் போகும் சீனத் தம்பதி, இடித்துக் கொடுத்தால் வருகிறோம் என்றார்கள். கடைசியாக இருந்த கல்லூரி மாணவர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். பிறகு பார்த்தால் கோயில் கூரைமேல் பீர் டின் இருந்தது.

"காலையிலயும் சாயங்காலமும் ஊதுபத்தி. வியாழக்கிழமை வெத்தல, சுருட்டு, ஒரு கப் கறுப்புக் காப்பி. அவருக்கு முன்னால பன்னி எறச்சி மட்டும் கூடாது. அவ்வளவுதான்" என்றார். அதற்காகத்தான் வாடகையைக் குறைத்து வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு ஓர் அறைதான் கிடைக்கும்.

நான் அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன். கணவர் கோயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"வீடு எடுக்கிறோமா, பூசாரி வேலைக்குப் போறோமா?"

"ரெண்டு ஊதுபத்திதானங்க."

"உனக்கு ஊதுபத்தி. நாளைக்கு நம்ம வீட்ல ஒரு சாவு விழுந்தா தீட்டு. பதினாறு நாளைக்கு யாரு வெக்கிறது? வெக்காம விட்டு புள்ளைக்கு ஒண்ணுன்னா, நீ என்ன சொல்லுவ, நான் என்ன சொல்லுவேன்?"

அவர் பயந்தது எனக்கு அசட்டுத்தனமாகப் படவில்லை. சாமி காரியத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறுவது எங்கள் இருவருக்குமே ஆகாது. அதனால் அன்று இரவு அந்த அம்மாவையே அழைத்துக் கேட்டேன். எங்கள் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் செத்தப்ப நானும் வெக்கல. பக்கத்து வீட்டுத் தாத்தாதான் வெச்சாரு. டத்தோ ஒண்ணும் கோவிச்சுக்கல. முடியலன்னா அவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. நானும் பேருந்து பிடிச்சு வருவேன்."

அப்படியே கணவரிடம் மொழிபெயர்த்தேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தார். பிறகு, "நம்ம தோட்டத்து முனியாண்டியும் சுருட்டுதான் கேப்பாரு" என்றார். விடிந்ததும், "நானே வெக்கிறேன். நீ வேலைக்குப் போற அவசரத்துல மறந்துருவ" என்று முடித்துவிட்டார்.

குடிபோன புதிதில் எனக்கு ஓர் எண்ணம் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் யார் என்பதற்காக அத்தனை வீடுகளும் எங்களை வேண்டாம் என்றன; அதே காரணத்துக்காக இந்த வீடு எங்களை உள்ளே விட்டிருக்கிறது. இதில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. சமையலறையில் நின்று சாளை மீனை வறுக்கும்போது அந்த யோசனை போய்விடும்.

கணவர் சொன்னபடியே செய்தார். வேலைக்குப் போகும் உடையோடு மாமரத்தடியில் நிற்பார். ஒருமுறை உறவினர் சாவுக்குச் சித்தியவான் போய்த் தங்கியபோது, பொறுப்பேற்றிருந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் காய்ச்சல். ஊதுபத்தி வைக்க ஆளில்லை. திரும்பி வந்து அது தெரிந்ததும் கணவர் முகம் வாடிப்போனது. வீட்டுக்கார அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். "தாத்தாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் ஆண்டு அவர் மகன் வந்தான். லகாட்டிலும் வாடகை ஏறிவிட்டது, இன்னும் இப்படியே விட முடியாது என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் மனத்தில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் கேட்டான், ஒத்துக்கொண்டோம். மகள் இப்போது பக்கத்துச் சீனப்பள்ளிக்கு நடந்தே போகிறாள்.

சென்ற மாதம் சமையலறைச் சுவரில் சாயம் உரிய ஆரம்பித்தது. நாங்களே அடித்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"என்ன கலர்?"

"மஞ்சள் அடிக்கலாம்னு பாக்கிறோம், ஆன்ட்டி."

"எங்க வீட்டுக்காரருக்கு மஞ்சளே பிடிக்காது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அடிங்க. நல்லாத்தான் இருக்கும்."