நண்டு வளை

அன்று கழனியில் இருந்தவன் நான் ஒருவன்தான். அப்பா, அத்தை வீட்டுக் காரியத்துக்காகக் குருவிநத்தம் போயிருந்தார். அம்மா தம்பியைப் பெற்றுப் பன்னிரண்டு நாள்; வாசல் தாண்டவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நானும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன்.

எழுபதுகளில் ஒரு தை மாதம். நவரைப் பட்டத்து நெல் நட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. களைக்கு மருந்தடிப்பதை நாங்கள் அப்போது கேள்விப்பட்டதில்லை. நட்ட கழனியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீரை இறங்கவிடாமல் நிறுத்தினால் புல் தலைதூக்காது. அதுதான் எங்கள் மருந்து. பாகூர் ஏரித் தண்ணீர் முறை வைத்து வரும். ஒரு முறை போனால் அடுத்ததற்கு எட்டு நாள்.

அந்தத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் ஓடின. வரப்பில் ஒரு சாண் வெட்டி, அப்பாவின் துண்டை விரித்துப் பிடித்தேன். ஐந்து கிடைத்தன. பிறகு சேற்றை அள்ளி அடைத்தேன். மிதித்து இறுக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வந்து துண்டைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? மடைய நல்லா அடச்சியா?"

"அடச்சாச்சி, போ."

விடிந்தபோது கழனியில் சேறுதான் இருந்தது. ஊரிலிருந்து திரும்பிய அப்பா வரப்பில் நின்று கத்தினார்.

"தண்ணி எங்கடி போச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "வரப்புல நண்டு வளப்பா. காலைல நான்தான் பாத்து அடச்சேன்."

"ஒரு காணித் தண்ணியையும் குடிக்கிற அளவுக்கு அது இன்னா நண்டா, யானையா?"

அந்த வருஷம் முழுக்க அப்பா கண்ட இடத்தில் நண்டை மிதித்தார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அடுத்த முறைத் தண்ணீர் வருவதற்குள் புல் பச்சைப்பாய் விரித்துவிட்டது. பெண்கள் எல்லாம் கரும்பு வெட்டுக்குப் போயிருந்ததால் களை பறிக்க ஆள் கிடைக்கவில்லை. அப்பாவும் விடியலில் கொஞ்சம் பிடுங்கிவிட்டு வெட்டுக்குப் போய்விடுவார். மிச்சத்துக்கு அக்கா இறங்கினாள். புல்லும் நெல்லும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் நெல்லுக்குச் சின்னதாய் ஒரு நாக்கு உண்டு, புல்லுக்குக் கிடையாது. அதைக் குனிந்து தடவிப் பார்த்துப் பிடுங்குவாள். பிடுங்கியதைச் சுருட்டிக் காலால் சேற்றில் அழுத்துவாள். அது மக்கி உரமாகும்.

காலையில் நான் பையை மாட்டினால் வரப்போரம் வந்து நிற்பாள்.

"எங்க கிளாசுல போர்டுல இன்னா எய்தி இருக்குன்னு பாத்துனு வாடா."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். பாதி மறந்துபோகும், மீதியை நானே இட்டுக்கட்டிச் சொல்வேன். சேற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அதையெல்லாம் அவள் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு நாள் நான் சொன்ன கணக்குக்கு விடையே வரவில்லை என்று அழுதாள். இதற்குப் போய் அழுவார்களா என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.

களை முடிய இருபத்திரண்டு நாள் ஆனது. பிறகு பள்ளிக்கூடம் போனாள்; முழுப் பரீட்சையில் தவறிவிட்டாள். கைக்குழந்தைக்கு ஆள் வேண்டும் என்று அம்மா சொன்னதும் அப்பா தலையாட்டினார். அக்காவின் பேனா எனக்கு வந்தது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்று இப்போது என்னைத்தான் சொல்கிறார்கள். அக்கா இன்றுவரை நண்டு என்றே சொல்கிறாள்.

ஐந்து கெண்டைக் குஞ்சு. அவற்றுக்கு நாங்கள் கொடுத்த விலை, அக்காவின் ஏழாம் வகுப்பும் அதற்கு மேலே இருந்த எல்லா வகுப்புகளும்.